ஐயங்கார் யோகம்

உடலின் சீரமைவுக்கு முதலிடம் தரும் ஹட யோகப் பயிற்சி முறை. உருவாக்கியவர் பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014).

கர்நாடகத்தின் பெள்ளூரில் பிறந்து, சிறுவயதில் நோய்களால் நலிந்திருந்த அவர், மைசூரில் தம் அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் ஆசனம் கற்றார். 1937இல் கற்பிப்பதற்காகப் புனே சென்று அங்கேயே தங்கினார். 1966இல் வெளியான அவருடைய ஆங்கில நூல் இம்முறையை உலகெங்கும் கொண்டு சென்றது. 1975இல் புனேயில் பயிற்சி நிலையம் எழுந்தது.

நின்றபடி செய்யும் ஆசனங்களே தொடக்கப் பாடம். திரிகோணாசனத்தில் கை தரையை எட்டாதவர் மரக்கட்டையில் ஊன்றிக்கொள்ளலாம். பச்சிமோத்தானாசனத்தில் பாதம் எட்டாதவருக்குப் பட்டை உதவும். சர்வாங்காசனத்தில் தோள்களுக்கு அடியில் மடித்த போர்வைகளை வைத்தால் கழுத்தில் அழுத்தம் குறையும். நாற்காலி, கயிறு ஆகியவற்றின் துணையோடு முதியவர்களும் பயில முடிவது இம்முறையின் பெரும் சிறப்பு.

ஆசிரியர் முதலில் செய்து காட்டுவார். பிறகு மாணவர்களிடையே நடந்து குதிகால், முழங்கால், தோள் என ஒவ்வொன்றாகத் திருத்துவார். ஆசனங்கள் கைவந்த பிறகே பிராணாயாமம்.

கிருஷ்ணமாச்சாரியாரின் மற்றொரு மாணவரான பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க வின்யாச முறையில் மூச்சோடு இணைந்து ஆசனங்கள் தொடர்ந்து மாறும்; இங்கோ ஒரே நிலையில் நெடுநேரம் நிற்பதே பயிற்சி.