பட்டமும் பங்கும்

எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து வாசலூர்பட்டி ஏரியில் படகேற வருவோர், தாம் நிற்பது எந்த நாட்டில் என்று கேட்டுக்கொள்வதில்லை. கொல்லிமலையில் அது பொருளுள்ள கேள்வி. வளவந்தி நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளாகவே பகுக்கப்பட்ட மலை இது. இன்றைய ஊராட்சிகளும் அப்பெயர்களையே சுமக்கின்றன. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டா) காஞ்சியிலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழியினராகத் தம்மைச் சொல்லிக்கொள்வதை 1909இல் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். அக்கதையில் பெண்கள் அச்சகோதரர்கள் மணந்துகொண்டவர்களாக மட்டுமே நுழைகிறார்கள். பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்னும் தலைமைப் பொறுப்புகளும் தந்தையிடமிருந்து மகனுக்கு என்றே இறங்கி வந்தன.

தமிழ் நிலத்தில் பெண்ணுக்குப் பட்டம் கிட்டியதே இல்லையா? உண்டு. ஆனால் எந்த வாயில் வழியாக என்பதே நாம் கவனிக்க வேண்டியது. சிவகங்கையின் கௌரி வல்லபத் தேவர் 1829இல் ஆண் மகவின்றி இறந்தபோது ஜமீன் அவருடைய அண்ணன் மக்கள் கைக்குப் போயிற்று. முப்பதாண்டுகளுக்கு மேல் இழுபட்ட வழக்கில், 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஜமீன் ஒரு சிற்றரசின் தன்மையுடையது, பங்கிட இயலாதது, ஒரு நேரத்தில் ஒருவரே ஆளத்தக்கது என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் வழக்கு வேறொன்றில் முடிந்தது. 1801இல் கும்பினியார் தேவருக்கு அதைப் புதிதாக வழங்கியதால் அது குடும்பச் சொத்தன்று, அவருடைய தனிச் சொத்து; தனிச் சொத்து மகன் இல்லாவிடத்து மனைவிக்கும், பின் மகளுக்கும் சேரும். நாச்சியார் வென்றது அரசி என்ற முறையில் அன்று, வாரிசு என்ற முறையில். இதே சீமையை 1780களில் வேலு நாச்சியார் எந்த நீதிமன்றத்தையும் கேளாமல் ஆண்டிருந்தார் என்பதை எண்ணும்போது நமக்குச் சற்று நகைப்பே வருகிறது.

இதற்கு நேர்மாறான வாயிலைத் தென்னாப்பிரிக்காவில் காண்கிறோம். வலோயி மக்களின் தலைவர் ஃபொஃபோசா 1968இல் ஆண் வாரிசின்றி இறக்க, மகள் ஃபிலியா ஷிலுபானா இருந்தும் தம்பிக்கே பட்டம் சென்றது. புதிய அரசியலமைப்பின் சமத்துவக் கொள்கையை முன்னிட்டு, 1996இல் அக்குடியின் தலைமைக் குடும்பமும் அவையும் கூடிப் பட்டத்தை ஃபிலியாவுக்கே அளிக்க முடிவெடுத்தன. தம்பி மகன் வழக்குத் தொடுத்தார். 2008இல் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அம்முடிவு செல்லும் என்றது. மரபு நேற்று எப்படி இருந்தது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அதனை வாழ்வோர் இன்று அதை வளர்த்தெடுக்கவும் உரியவர்கள் என்பது தீர்ப்பின் சாரம். இங்கு எவரும் தலைமையைச் சொத்தாக மாற்றிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் மலைக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மைய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றிப் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் இரண்டாம் பிரிவே சொல்கிறது. எனவே மலைப்பெண்ணின் பங்கு வழக்காற்றின் தயவில் விடப்பட்டது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு உண்டு என்றது. 2025 ஜூலையில் ஒரு கோண்டுக் குடும்பத்தின் வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னும் நுட்பமான ஓரிடத்தைத் தொட்டது. பெண்ணுக்குப் பங்கு தரும் வழக்கம் இருந்ததாகப் பெண்ணே மெய்ப்பிக்க வேண்டும் என்று கீழ்நிலை நீதிமன்றங்கள் கேட்டிருந்தன. விலக்கும் வழக்கம் மெய்ப்பிக்கப்படாதபோது சமத்துவமே நிற்கும் என்று உச்சநீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது.

ஆயினும் இவையெல்லாம் காணியைப் பற்றியவை. பட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஊர்க்கவுண்டர் பொறுப்பு சொத்தன்று ஆதலால் காத்தம நாச்சியாரின் வாயில் இங்கு அடைபட்டிருக்கிறது. ஊராட்சியிலோ, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2019 டிசம்பர் தேர்தலில் அது நடைமுறைக்கும் வந்தது. ஒரே நாட்டின் பெயரில் இரண்டு இருக்கைகள். ஒன்றில் பெண் அமர வாக்குச்சீட்டு போதுமானதாயிற்று. மற்றதற்கு வலோயி மக்களைப் போல ஊரே கூட வேண்டும். அந்தக் கூட்டத்தில் யார் பேசலாம் என்பதிலிருந்தே பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கும்.