பழைய லேண்ட்ரோவர்: முதலில் சேசிஸைப் பாருங்கள்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பாதைகளிலும் காய்கறித் தோட்டங்களிலும் பழைய லேண்ட்ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன. 1948-இல் இவ்வண்டி அறிமுகமானபோது, போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் மேற்கூட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் மேல்தகடு துருப்பிடிக்காது. அடியிலுள்ள எஃகு சேசிஸ் அப்படியல்ல. மலை ஈரமும் சேறும் புகுந்து, உள்ளிருந்தே அரிக்கும். பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நெடும்பயணத்துக்கு வண்டியைத் தயார்செய்வோர் கூரைக் கேரியர், வின்ச் என்று தொடங்குவார்கள். காசை முதலில் சேசிஸ் வெல்டிங்கிலும் பிரேக்கிலும் போடுவதே நல்லது. பழைய சீரிஸ் ரகங்களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குப் பாரத்தோடு இறங்கும்போது தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும்; சின்ன கியரில் இறங்க வேண்டும்.

எஞ்சினை மாற்றினால் வாகனப் பரிசோதனையும் ஜேபிஜே ஒப்புதலும் தேவை. கிராண்டில் உள்ள எண் பொருந்தாவிட்டால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.