இறங்கும்போது எந்த கியர்?

ஏற்காடு போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறியதைச் சொல்வார்கள். காது அடைத்ததை, முன் சீட் குழந்தை வாந்தி எடுத்ததைச் சொல்வார்கள். வண்டி ஓட்டியவரைக் கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போகும். ''ஏர்றது என்னங்க, இன்ஜின் பாத்துக்கும். எறங்கறதுதான்...'' என்று இழுப்பார்.

என் அப்பாவும் அங்கிருந்துதான் பாடத்தை ஆரம்பித்தார்.

1986. எனக்கு 18 முடிந்து, எல்.எல்.ஆர். வாங்கி ஐந்து மாதம். வீட்டில் ஒரு பழைய அம்பாஸடர். முன் சீட் ஒரே நீள பெஞ்ச், கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே. சேலத்தில் மைதானம், சந்து பொந்தெல்லாம் ஓட்டிப் பழகியாச்சு. ஒரு நாள் விடியற்காலையில் அப்பா, ''வா, மலைக்குப் போயிட்டு வரலாம்'' என்றார். ஏறும்போது அவர் ஓட்டினார். இறங்கும்போது நான்!

பழகுபவர் பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் உட்கார வேண்டும் என்கிறது சட்டம். டிரைவிங் ஸ்கூல் காரில் அவருக்கென்று தனி பிரேக் இருக்கும். எங்கள் அப்பாவுக்கு இருந்தது வாய் மட்டும்தான். ஆனாலும் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

''எந்த கியர்ல ஏறினியோ, அந்த கியர்லதான் எறங்கணும் கண்ணு. பிரேக்கை நம்பாதே.''

விஷயம் இதுதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அத்தனை உயரத்தையும் பிரேக்காலேயே கரைத்துக்கொண்டு இறங்கினால், உராய்வின் சூட்டில் டிரம் காய்ந்துவிடும். கருகல் வாடை வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. சூடு எல்லை தாண்டினால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவியாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். தாழ்ந்த கியரில் வந்தால், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் வளைவுக்கு மட்டும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டுகிற புத்திசாலிகள் அன்றைக்கும் உண்டு. அப்பா அவர்களுக்கு வைத்திருந்த பெயரை இங்கே அச்சிட முடியாது.

இந்தப் பாடத்தை உலகத்தில் முதலில் படித்தது யார் என்று பிற்பாடு தேடினேன். அங்கேயும் ஒரு குடும்பம்தான்!

கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரியில். வாங்கத்தான் ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவருக்குத் தெரியாமல் வண்டியை வெளியே எடுத்தார். கூட இரண்டு மகன்கள்: யூஜெனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13. மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, 100 கிலோமீட்டருக்கும் மேல். எதற்காம்? அம்மா வீட்டுக்கு! (கோபித்துக்கொண்டு இல்லை.)

பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது. வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் துணிக்கறை போக்க விற்ற திரவத்தை வாங்கி ஊற்றினார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தன் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். நம்மூர் அம்மாவாக இருந்தால் கொண்டை ஊசியை எடுத்திருப்பார். மேடு வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் மரக்கட்டை பிரேக் தேய்ந்து போனது. பெர்த்தா ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து அதன் மேல் தோல் வைத்து ஆணியடிக்கச் சொன்னார். உலகின் முதல் பிரேக் லைனிங் என்று இன்று அதைச் சொல்கிறார்கள். திரும்பி வந்தபின், மேடு ஏறத் தாழ்ந்த கியர் ஒன்று வேண்டும் என்ற யோசனையும் கார்லுக்குப் போனது.

ஆக, நீண்ட தூரம் போன முதல் மோட்டார் பயணத்திலேயே ஓர் அம்மாவும் இரண்டு பையன்களும் கற்றுக்கொண்டது, அப்பா எனக்குச் சொன்ன அதே இரண்டு விஷயம்: பிரேக், கியர்.

சேர்வராயன் மலைக்கு அதற்கும் முந்தைய சரித்திரம் உண்டு. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துத் துரைகள் மலை ஏறியது குதிரையில், துரைசாணிகள் டோலியில். டோலி தூக்கியவர்களின் முழங்காலைக் கேட்டிருந்தால், ஏற்றம் கஷ்டமா இறக்கம் கஷ்டமா என்று அதுவே சொல்லியிருக்கும்.

மோட்டார் வந்தபிறகும் ரொம்ப காலம் 'அப்பா கற்றுக்கொடுப்பது' என்கிற வழக்கமே நம்மூரில் பெரிதாக இல்லை. கார் வைத்திருந்த வீட்டில் டிரைவரும் இருப்பார். அந்த டிரைவர் எங்கே கற்றார்? நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களைக் கேளுங்கள். கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவி, டயர் மாற்றி, ''ரைட்... ரைட்'' சொல்லி, வருஷக்கணக்கில் குரு பக்கத்தில் உட்கார்ந்து வந்த வித்தை அது. மலை மேட்டில் லாரி நின்றால் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதுதான் கிளீனரின் முதல் பாடம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து, நடுத்தரக் குடும்பங்கள் தாங்களே ஓட்டத் தொடங்கிய பிறகுதான் குருவின் இடத்துக்கு அப்பாக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

எஸ்டேட் பிள்ளைகள் கதை தனி. 1939 மோட்டார் வாகனச் சட்டம், 18 வயது ஆகாதவர் 'பொது இடத்தில்' ஓட்டக்கூடாது என்றது. காபித் தோட்டத்துக்குள் ஓடும் ஜீப் தடம் பொது இடமா? அந்தக் கேள்வியின் நிழலில் எத்தனையோ பேர் 14 வயதில் கிளட்ச் மிதித்திருக்கிறார்கள். 1988 சட்டமும் அதே 18-ஐ வைத்தது. 16 வயதில் 50 சி.சி.க்கு மேற்படாத கியரில்லாத வண்டி மட்டும் ஓட்டலாம், அதுவும் பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால்.

2019 திருத்தம் அப்பாக்களையே பிடித்தது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கடுமைதான். ஆனால் 2024 மே மாதம் புனேவில் என்ன நடந்தது? 17 வயதுப் பையன் ஓட்டியதாகப் போலீஸ் சொன்ன சொகுசு கார் மோதி இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். பையனின் அப்பாவும் கைதானார். சாவி கொடுப்பதும் கற்றுக்கொடுப்பதும் ஒன்று என்று நினைக்கிற பெற்றோர் இன்றும் நிறைய. கோவையில் ரேலி சாம்பியன் ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன், 15 வயதிலேயே பிரான்ஸுக்குப் போய் ரேஸ் பயின்று, 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனாரே என்பார்கள். உண்மைதான். அது மூடிய டிராக் சார்! எதிரே பால்காரர் வரமாட்டார்.

1986-க்கு வருகிறேன். மலையிறங்கும் முன்னால் நாகலூர் பக்கம் ஒரு ரவுண்டு போனோம். ஒரு மேட்டில் எதிரே பஸ் வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். 1989 சாலை விதிகளிலும் 2017 விதிகளிலும் எழுதியே இருக்கிறது. பஸ் ஒதுங்கித்தான் நின்றது. பயத்தில் நின்றவன் நான். மறுபடி எடுக்கும்போது இன்ஜின் அணைந்தது. வண்டி பின்னால் நகர்ந்தது. பிரேக்கை மிதித்து நிறுத்துவதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

அப்பா கத்தவில்லை. இறங்கிப் போய்ப் பெரிய கல்லாகப் பார்த்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். ''பாதி கிளட்ச் விடு. வண்டி லேசா நடுங்கும் பாரு... அப்ப கைபிரேக்கை எடு.'' நடுங்கியது. எடுத்தேன். ஏறிவிட்டது!

மேடு தாண்டிச் சமதளத்தில் நிறுத்தி, கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவைக் காணோம். எட்டிப் பார்த்தால், குனிந்து அந்தக் கல்லை ரோட்டோரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

''எதுக்குங்கப்பா? கெடந்தா கெடக்குது.''

''ராத்திரி சைக்கிள்ல வர்றவன் உன் பேரைச் சொல்லியா உழுவான்?''

பிறகு இரண்டாவது கியரில் இறங்கினோம். இருபது, பத்தொன்பது, பதினெட்டு... பின்னால் வந்த லாரிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். ''அடிக்கட்டும், நீ உன் கியர்ல வா'' என்றார் அப்பா. ஏழாவது வளைவு தாண்டியபோது பக்கத்தில் பார்த்தேன். அவருடைய வலது கால் சும்மா இருந்தது.