அளவுகோல் யாருடையது?
கரிசல் நாட்டின் ஓர் எழுத்துப் போராட்டம்

தோற்றுவாய்

ஒரு மக்களின் வரலாறு அவர்தம் நாவில் ஒருவிதமாகவும், அவர்களை ஆண்டோரின் ஏட்டில் வேறுவிதமாகவும் வாழ்வதுண்டு. நாவில் வாழ்வது ஊரோடு நின்றுவிடும்; ஏட்டில் வாழ்வதோ நீதிமன்றம் ஏறும், பள்ளிப் பாடமாகும், அரசின் கணக்கெடுப்பில் பெயராகப் பதியும். எனவே, ‘எம்மைப் பற்றி எழுதியவர் யார்? எந்த அளவுகோல் கொண்டு எம்மை அளந்தார்?’ என்னும் வினா எழும்போதெல்லாம் அது வெறும் ஏட்டு வினாவாக நிற்பதில்லை. வாழ்வுரிமை வினாவாகவே வளர்கின்றது.

மேலை நாட்டில் இவ்வினா பல்கலைக்கழக வளாகத்தில் வெடித்தது. 1968ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில், கறுப்பின மாணவரும் ஆசிய, இலத்தீன் அமெரிக்க, பழங்குடி மரபினரான மாணவரும் ஒருங்கே வகுப்புகளைப் புறக்கணித்தனர். தத்தம் மக்களின் வரலாற்றைத் தம் மக்களின் பார்வையில் கற்பிக்க வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. ஏறத்தாழ ஐந்து திங்கள் நீடித்த அப்போராட்டத்தின் பயனாக 1969இல் இனவியல் கல்விக்கென ஒரு தனிக்கல்லூரி அங்கே தோன்றியது. அதே 1968இல் ஆப்பிரிக்காவின் நைரோபிப் பல்கலைக்கழகத்தில், ஆங்கிலத் துறையை நீக்கி ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைக்க வேண்டுமெனக் கூகி வா தியாங்கோ உள்ளிட்ட ஆசிரியர்கள் முன்மொழிந்தனர். காலனிய நீக்கச் சிந்தனை என இன்று வழங்கப்பெறுவதன் வேர்களுள் இவையும் சில.

ஆனால் இவற்றுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே, ஆலங்குளத்தைச் சூழ்ந்த இக்கரிசல் நாட்டிலும் அதன் தெற்கே தேரிக்காட்டிலும் இவ்வினா எழுந்துவிட்டது. அதனை எழுப்பியோர் பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர். பனையேறியும், பொதிமாட்டின் பின்னே நடந்தும் வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

எழுதப்பட்ட இழிவு

1838இல் சென்னை வந்து, 1841இல் இடையன்குடியில் குடியேறிய இராபர்ட் கால்டுவெல்லைத் தமிழுலகம் நன்கறியும். 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் வடமொழியின் கிளையன்று என்பதை உலகறிய நிறுவியது. தமிழரின் தன்மதிப்புக்குத் தூணாய் நின்ற நூல் அது.

அந்நூலுக்கு ஏழாண்டு முன்னர், 1849இல், அதே கை எழுதிய மற்றொரு நூல் உண்டு. திருநெல்வேலிச் சாணார் எனும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடைய அச்சிறுநூல், இங்கிலாந்திலிருந்து சமயப் பணிக்குப் பொருளுதவி செய்தோரை முன்னிறுத்தி எழுதப்பெற்றது. பனையேறும் மக்களின் வழிபாட்டையும் ஒழுக்கத்தையும் அறிவாற்றலையும் அது எடைபோட்டது. அவர்கள் இலங்கையின் வடபகுதியிலிருந்து குடியேறியோர் என்றது. அறிவில் மந்தமானோர் என்றது. அவர்தம் தெய்வ வழிபாட்டைப் பேய் வழிபாடென வகைப்படுத்தியது. கால்டுவெல் அம்மக்களிடையே வாழ்ந்தவர். அவர்களுக்கெனப் பள்ளிகள் நடத்தியவர். இறந்தபின்னும் அம்மண்ணிலேயே அடக்கம் பெற்றவர். அவரது அன்பில் ஐயமில்லை. எனினும், அன்புடையோர் ஏந்தும் அளவுகோலும் கோணலாக இருக்கக்கூடும் என்பதற்கு இந்நூல் சான்றாகும்.

பிற்காலத்தில் அளவுகோல் உண்மையான கருவியாகவே மாறியது. எச். எச். ரிஸ்லி மக்களின் மூக்கை அளந்து சாதிகளின் உயர்வு தாழ்வைக் கணிக்க முற்பட்டார். அவர் தலைமையில் நடந்த 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, சமூக மதிப்பின்படி சாதிகளை வரிசைப்படுத்தியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டனும் அளவுக் கருவிகளோடு ஊரூராய்ச் சென்றார், அவர் க. ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. இவ்வாறு, ஊர்க்கு ஊர் நெகிழ்ந்தும் மாறியும் வந்த உறவுகள் அச்சில் உறைந்து அரசின் சான்றாவணங்களாயின.

மறுப்பு எழுத்து

கால்டுவெல் நூல் நெடுங்காலம் அம்மக்களின் கண்ணிற்படவில்லை. அவர் நடத்தியவை போன்ற சமயப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற புதிய தலைமுறையே அதனைப் படித்துத் திடுக்கிட்டது. படிப்பித்தவர் எழுதியதைப் படித்தவர் மறுத்தார் என்பதே இவ்வரலாற்றின் சுவையான முரண்.

இம்மறுப்பாளருள் முதன்மையானவர் அருமைநாயகம் சட்டம்பிள்ளை. சமயப் பணியில் உபதேசியாராய் இருந்த அவர், ஐரோப்பியக் குருமாரோடு முரண்பட்டு வெளியேறி, 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் ஒரு தனிச்சபை கண்டார். ஐரோப்பியத் தலைமையை ஏற்காத சபை அது. சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. வழிபாட்டில் நாட்டு மரபுகளுக்கு இடமளித்தது. சமயத்தை ஏற்று, அதனைக் கொணர்ந்தோரின் மேலாண்மையை மறுத்த அச்செயல், காலனிய நீக்கம் என்னும் சொல் பிறப்பதற்கு நெடுநாள் முன்னரே நிகழ்ந்த காலனிய நீக்கமாகும்.

செங்கற்பட்டில் சார்பதிவாளராய் இருந்த சாமுவேல் சற்குணர் 1883இல் கால்டுவெல் நூலுக்கு ஆங்கிலத்திலேயே மறுப்பெழுதினார். ஆண்டோரின் மொழியிலேயே ஆண்டோர்க்கு விடை தந்த முயற்சி அது. துண்டறிக்கைகளும் விண்ணப்பங்களும் தொடர்ந்தன. இறுதியில் கால்டுவெல்லின் நூல் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. படையும் பதவியும் இல்லாத மக்கள், எழுத்தைக் கொண்டே எழுத்தை வென்ற நிகழ்ச்சி இஃது எனலாம்.

பேட்டையும் பிடியரிசியும்

எழுத்துக்குப் பின்னே அமைப்பு இல்லையெனில் அது காற்றில் கரையும். அவ்வமைப்பு இந்நிலப்பகுதியிலே உருவானது. சிவகாசி, விருதுப்பட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களிலும் வணிகர், பொதியும் வண்டியும் பாதுகாப்பாய்த் தங்குதற்குப் பேட்டைகள் அமைத்தனர். விற்பனையில் ஒரு சிறுபங்கு மகமையாகப் பொதுநிதிக்குச் சேர்ந்தது. அந்நிதியை உறவின்முறை ஆண்டது. கோயில், கிணறு, பள்ளி அனைத்தும் அதிலிருந்தே எழுந்தன.

விருதுப்பட்டியில் 1885இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலையை இவற்றுள் தனித்துக் குறிப்பிட வேண்டும். வீட்டுக்கு வீடு சமைக்கும்போது எடுத்து வைக்கப்பெற்ற பிடியரிசி அப்பள்ளியைத் தாங்கியது. அடுப்படியில் நின்ற பெண்களின் கை அளந்த கொடை அது. ரிஸ்லியின் கருவி மூக்கை அளந்த காலத்தில், இவ்வூர்ப் பெண்களின் கை அரிசியை அளந்தது. வரலாற்றை மாற்றியது எந்த அளவு என்பது சொல்லாமலே விளங்கும். 1903இல் பிறந்த காமராசர் பயின்றது அப்பள்ளியிலேதான். பின்னாளில் தமிழ்நாடெங்கும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தையும் பகலுணவையும் கொண்டுசென்ற ஆட்சியின் விதைகளுள் ஒன்று அப்பிடியரிசியில் கிடந்தது எனல் மிகையாகாது.

கோயில் வாயிலும் நீதிமன்றமும்

பொருளும் கல்வியும் சேர்ந்தும் கோயில் வாயில் திறக்கவில்லை. 1897ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார் சிலர் நுழைந்து வழிபட்டனர். இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899 சூலையில் மதுரைச் சார்பு நீதிமன்றம் நாடாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உயர்நீதிமன்றமும் அதனையே உறுதிசெய்தது. சேதுபதி 1903இல் மறைந்தபின்னும் வழக்கு நடந்து, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. அங்கும் தோல்வியே. பதினொரு ஆண்டுகள் நீண்ட அவ்வழக்கில், மனிதர் என்னும் தகுதி ஒருபோதும் வாதப்பொருளாகவில்லை. வழக்கம் யாது, சாதிப்படி யாது என்பனவே வாதப்பொருள்களாயின.

இதனிடையே 1899ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன; உயிர்கள் பறிபோயின. கலகம் திருநெல்வேலிச் சீமையின் பல ஊர்களுக்கும் பரவியது. உழைத்துண்ணும் மக்களே உழைத்துண்ணும் மக்களோடு மோதி இரு தரப்பிலும் தாய்மார் கண்ணீர் வடித்த துயரம் அது. வெற்றி தோல்வி பேசுதற்குரியதன்று, படிப்பினையாகக் கொள்ளற்குரியது.

பெயர்

1910இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1920இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற பட்டிவீரன்பட்டி ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார், அரசு ஆவணங்களில் தம் மக்களின் பெயர் மாற்றப்பட வேண்டுமென வாதாடினார். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ‘நாடார்’ என்னும் பெயர் ஏற்கப்பட்டது. பிறர் இட்ட பெயரை நீக்கித் தாம் விரும்பிய பெயரை அரசேட்டில் பதியச் செய்தல் எளிய செயலன்று.

இங்கே வேறொரு வழியையும் ஒப்புநோக்க வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். இழிவெனக் கருதப்பட்டதையே கொடியாக உயர்த்திய துணிவு அது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதரோ, சாதிப் படிநிலைக்கு முற்பட்ட பௌத்தத் தமிழரென ஒரு மாற்று வரலாற்றையே எழுதினார். பெயரை மாற்றுதல், பெயரை ஏந்துதல், பெயரைத் தந்த ஏட்டையே மறுத்தல் என மூவகை விடைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தமிழகத்தில் எழுந்தன.

ஏணியும் தரையும்

மறுப்பெழுத்தின் பெருமையைப் பேசும்போது அதன் குறையையும் பேசுதலே ஆய்வு நேர்மை. கால்டுவெல் ‘தாழ்ந்தோர்’ என்றார். மறுத்தோர் ‘யாம் சத்திரியர்’ என்றனர். தம்மை வைத்த படி தவறு என்றனரேயன்றி, ஏணியே தவறு என்று பெரும்பாலும் கூறவில்லை. கமுதி வழக்கின் வாதமும் எல்லார்க்கும் வாயில் திறக்க வேண்டும் என்பதன்று; தமக்கு உரியது என்பதே. அளந்தவரை மறுத்தவர்கள் அளவுகோலைத் தம் கையில் வாங்கிக்கொண்டனர். தமக்குக் கீழே நிறுத்தப்பட்டோரின் துயர் அவ்வெழுத்தில் இடம்பெறவில்லை.

இக்குறை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உரியதன்று. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தில், பறையரும் திராவிடரே என நிறுவும் பகுதி பின்னிணைப்பாய் இருந்தது. 1913இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டது. தமிழுக்குப் பெருமை தந்த பக்கங்களைப் போற்றிய கற்றோர் உலகம், அப்பக்கங்கள் இல்லாமற்போனதைப் பல்லாண்டு கவனிக்கவும் இல்லை. 1875ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு முழு வடிவில் மீண்டும் அச்சேறியது 2008இலேதான். அதனைச் செய்தது பல்கலைக்கழகமன்று. கவிதாசரண் என்னும் சிற்றிதழாளரின் பதிப்பகம்.

ஆயினும் வரலாறு அங்கேயே நின்றுவிடவில்லை. 1921இல் பட்டப்பெயருக்காக வாதாடி வென்ற சௌந்தரபாண்டியனாரே, 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். சாதிப் பட்டங்களைத் துறக்க வேண்டுமெனத் தீர்மானித்த மாநாடு அது. எட்டே ஆண்டுகளில் ஏணியிலிருந்து தரைக்கு இறங்கிய பயணம்! இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக அவர், தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற மறுத்தல் கூடாதென ஆணையிட்டதும் அப்பயணத்தின் பகுதியே. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் தாழ்த்தப்பட்டோர் ஐவர் நுழைந்தபோது, அவர்களோடு விருதுநகர்ச் சண்முக நாடாரும் நுழைந்தார். கமுதியில் தனித்து நுழைந்து தோற்ற வாயில், மதுரையில் சேர்ந்து நுழைந்தபோது திறந்தது. இவ்வரலாற்றின் உட்பொருள் முழுவதும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கும்.

நிறைவாக

இராபர்ட் ஹார்டுகிரேவ் என்னும் அமெரிக்க அறிஞர் நாடார் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்டது 1969இல். தம் வரலாற்றைத் தாமே எழுத வேண்டுமென அதே கலிபோர்னியாவில் மாணவர் போராடி வென்ற ஆண்டும் அதுவே. கால்டுவெல் எழுதியதைவிடப் பன்மடங்கு நடுநிலையான நூல் அது. எனினும் எழுதியவர் வெளியிலிருந்து வந்தவரே.

1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகியோரால் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றிய கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. ‘தீப்பெட்டி ஆபீசு’ என மக்கள் வழங்கும் கூடங்களில் கட்டை அடுக்கியும், பெட்டி ஒட்டியும், பட்டாசுக்கு மருந்து செலுத்தியும் வாழ்ந்தோரின் கதையோ புள்ளிவிவரமாகவும் விபத்துச் செய்தியாகவுமே ஏடேறுகின்றது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்களையும் வெளியார் அளக்கின்றனர், எண்ணுகின்றனர், இரங்குகின்றனர். அவர்தம் நாவில் வாழும் வரலாறு இன்னும் ஏடேறவில்லை.

இலக்கிய வட்டங்களின் கடமை இவ்விடத்தே தொடங்குகின்றது. பத்தாண்டு நிறைந்த ஓர் அமைப்பில் கவிதை கேட்கும் செவிகள் பழகியிருக்கும். அச்செவிகள் அடுத்த தெருவுக்கும் திரும்புமாயின், சற்குணரும் சட்டம்பிள்ளையும் தொடங்கிய பணி தொடரும். இம்முறை, எவரையும் கீழே நிறுத்தாமல் தொடரும்.