அம்மம்மாவின் குழைசோறும் செல்லப்பிராணியின் நோயெதிர்ப்பும்

ஊரில் எமது நாய்கள் முற்றத்தில் வளர்ந்தன. மிஞ்சிய சோறும் மீன்குழம்பும்தான் அவற்றின் சாப்பாடு. புலம்பெயர் தேசங்களில் நாயும் பூனையும் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வீட்டுக்குள் வளர்கின்றன. ஆனாலும் பல வீடுகளில் சாப்பாட்டு வழக்கம் மாறவில்லை. "ஊரில் இதைத்தானே தின்றது, ஒன்றும் நடக்கவில்லையே" என்று அம்மம்மா ஒரு பிடி குழைத்து வைக்கிறார். பிள்ளைகளோ நோயெதிர்ப்பைக் கூட்டும் என்று விற்கப்படும் தூள்களை இணையத்தில் வாங்குகிறார்கள். இரண்டும் அன்பினால் செய்வதே. ஆனால் பிராணியைக் காப்பவை வேறு.

தடுப்பூசி

பிறந்த முதல் நாளில் குடிக்கும் தாய்ப்பால் வழியாகத் தாயின் நோயெதிர்ப்பு குட்டிக்குக் கிடைக்கிறது. சில வாரங்களில் அது குறைந்துவிடும். குறையும் வரை, போடும் தடுப்பூசியை அதுவே பலிக்கவிடாமலும் செய்யலாம். இதனால்தான் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 2 முதல் 4 வார இடைவெளியில் ஊசி போடுகிறார்கள். ஓர் ஊசியோடு நிறுத்தினால் நாய்க்குட்டிக்குப் பார்வோ வைரஸ் தொற்றும் ஆபத்து நீங்காது.

சாப்பாடு

நாயும் பூனையும் தமக்கு வேண்டிய விற்றமின் சியை ஈரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. விற்றமின் டி அளவு மீறினால் சிறுநீரகம் பழுதாகும். ஆகவே வைத்தியர் சொல்லாமல் குளிசையோ தூளோ வேண்டாம். 'முழுமையான உணவு' என்று பொதியில் குறிப்பிட்ட, வயதுக்கு ஏற்ற உணவே போதும். இடையில் கொடுக்கும் தீனி அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

சைவக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூனைக்கு டோரின் என்ற சத்து தேவை. அதன் உடல் அதைப் போதிய அளவு தயாரிக்காது. மரக்கறியிலும் அது கிடைக்காது. குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வீட்டில் விரதம் என்றாலும் பூனைக்கு விரதம் வேண்டாம்.

உடல் எடையும் முக்கியம். 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்தார்கள். 25 சதவீதம் குறைவாக உண்ட நாய்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன.

எங்கள் குசினியின் ஆபத்துகள்

வெங்காயமும் உள்ளியும் நாய், பூனைகளின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். வதக்கினாலும் தூளாக்கினாலும் நஞ்சு போகாது. பூனைக்கு ஆபத்து இன்னும் கூட. அறிகுறி சில நாட்கள் கழித்தே தெரியும்: முரசு வெளிறும், சோர்ந்து படுக்கும், சிறுநீர் கடும் நிறமாகும். ஊரில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறோம். அங்கே நாய் சோர்ந்து படுத்தபோது இரத்தம் சோதித்துப் பார்த்தவர் யார்?

பாயசத்தில் போடும் முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைத் தாக்கும். சொக்லேட், சைலிட்டோல் சேர்த்த சுவிங்கம், சமைத்த எலும்பு ஆகியவையும் கூடாது. பூனைக்குப் பரசிற்றமோல் உயிர்கொல்லி.

அன்றாடப் பராமரிப்பு

புல்வெளியில் நடந்துவிட்டு வந்ததும் காது, கக்கம், விரலிடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிராணிகளுக்குரிய பற்பசையால் பல் துலக்குங்கள். பூச்சிமருந்தை வைத்தியர் சொன்ன காலத்தில் கொடுங்கள். பூனை ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் காத்திருக்க வேண்டாம். அதன் ஈரல் பாதிக்கப்படலாம்.

கூடாததைத் தின்றுவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்கவைக்காதீர்கள். என்ன, எவ்வளவு, எப்போது தின்றது, பிராணியின் எடை என்ன என்பவற்றை உடனே மிருக வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

அம்மம்மாவின் கையைத் தடுக்கத் தேவையில்லை. உப்பு, தூள், வெங்காயம் சேர்க்க முன் அவித்த கோழியில் இரண்டு துண்டை எலும்பு நீக்கி எடுத்து வையுங்கள். அதை அவரே ஊட்டட்டும்.