பலம் எது, பலவீனம் எது? 1960இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்த கதை

ஒரு நாட்டின் தலைமைப் பதவிக்கு வரத் துடிப்பவரை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? நாடாளுமன்ற முறையைப் பின்பற்றும் மலேசியாவில் இந்தச் சுமை வாக்காளர் தலையில் நேரடியாக விழுவதில்லை. யார் தலைவர் என்பதைக் கட்சி தனக்குள்ளேயே முடிவு செய்துகொள்கிறது. மக்கள் பிறகு கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். அமெரிக்காவில் வழக்கம் வேறு. பொதுத் தேர்தலுக்கு முன்பே, கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தீர்மானிக்க மாநிலம் மாநிலமாக ஒரு போட்டி நடக்கிறது. அதைப் பிரைமரி, அதாவது முதல்நிலைத் தேர்தல் என்கிறார்கள்.

இந்தத் தேர்தல் வேட்பாளரின் பலத்தையும் பலவீனத்தையும் உண்மையிலேயே வெளிக்கொண்டு வருகிறதா? இதற்கு 1960ஆம் ஆண்டைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

அன்றைய நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். 1960இல் முதல்நிலைத் தேர்தல் நடந்த மாநிலங்கள் கொஞ்சம்தான். மற்ற மாநிலங்களின் பேராளர்கள் ஆளுநர்கள், பெருநகர மேயர்கள் ஆகியோரின் கைக்குள் இருந்தார்கள். முதல்நிலைத் தேர்தலில் வென்றவருக்கே வாய்ப்பு என்ற உத்தரவாதமும் கிடையாது. 1952இல் டென்னசி செனட்டர் எஸ்டஸ் கிஃபாவர் பெரும்பாலான முதல்நிலைத் தேர்தல்களில் வென்றார். நியூ ஹேம்ப்ஷியரில் பதவியிலிருந்த அதிபர் ட்ரூமனையே முந்தினார். ஆனால் சிக்காகோ மாநாட்டில் கூடிய தலைவர்கள் அவரை ஒதுக்கிவிட்டு, போட்டியிலேயே இறங்காத அட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். எனவே, 1960இல் முதல்நிலைத் தேர்தல் என்பது தலைவர்களுக்குக் காட்டுவதற்கான ஓர் ஒத்திகை. அவர்களுடைய சந்தேகத்தைப் போக்குவதற்கான சான்று. அவ்வளவுதான்.

களத்தில் ஐந்து பேர் பேசப்பட்டார்கள். மினசோட்டா செனட்டர் ஹியூபர்ட் ஹம்ப்ரி, மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் கென்னடி, டெக்சசைச் சேர்ந்த செனட் பெரும்பான்மைத் தலைவர் லின்டன் ஜான்சன், மிசூரி செனட்டர் ஸ்டூவர்ட் சைமிங்டன், ஏற்கெனவே 1952லும் 1956லும் ஐசன்ஹோவரிடம் தோற்றிருந்த ஸ்டீவன்சன். இவர்களில் மக்களிடம் நேரடியாகச் சென்றவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள் முதல் இருவரே. மற்ற மூவரும் மாநாட்டில் இழுபறி வரும், அப்போது கட்சி நம்மைத் தேடி வரும் என்று காத்திருந்தார்கள்.

தகுதியை மட்டும் பட்டியல் போட்டால் ஜான்சனுக்கு ஈடாக யாரும் இல்லை. 1955 முதல் செனட்டைத் தம் விரல் நுனியில் வைத்திருந்தார். 1957இல் குடிமை உரிமைச் சட்டம் ஒன்றைத் தென்மாநில உறுப்பினர்களின் எதிர்ப்பையும் தாண்டி நிறைவேற்றியவர் அவர். ஆனால் அந்தத் திறமையே அவருக்குக் கண்கட்டாகிப் போனது. செனட்டில் தமக்குக் கடன்பட்ட உறுப்பினர்கள் தத்தம் மாநிலப் பேராளர்களைத் தம் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். பேராளர்களைக் கையில் வைத்திருந்தவர்களோ ஆளுநர்களும் மேயர்களும்! வாஷிங்டனில் சட்டம் இயற்றும் வித்தை பென்சில்வேனியாவில் செல்லாது என்பதை அவர் உணர்ந்தபோது காலம் கடந்திருந்தது. ஜூலை 5ஆம் தேதி, மாநாட்டுக்குச் சில நாள்களே இருக்கையில்தான் அவர் தம் போட்டியை அறிவித்தார்.

கென்னடியின் கணக்கு நேர்மாறானது. 42 வயது. செனட்டில் எட்டாவது ஆண்டு. ஆனால் தம் பெயர் சொல்லும்படியான பெரிய சட்டம் எதுவும் இல்லை. 1954இல் செனட்டர் மெக்கார்த்தியைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது மருத்துவமனையில் இருந்ததால் வாக்களிக்கவில்லை. அதைக் கட்சியின் தாராளவாதிகள், குறிப்பாக எலினோர் ரூஸ்வெல்ட், எளிதில் மன்னிக்கவில்லை. தந்தையின் பெரும் பணம் இன்னொரு உறுத்தல். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, அவர் கத்தோலிக்கர் என்பது. 1928இல் கத்தோலிக்கரான அல் ஸ்மித்தை நிறுத்தித் தோற்ற காயம் கட்சிக்கு ஆறவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தக் காரணத்துக்காக அதிகம் தயங்கியவர்களில் ஒருவர் பென்சில்வேனியா ஆளுநர் டேவிட் லாரன்ஸ். அவரே ஒரு கத்தோலிக்கர்!

ஆக, மதம் ஒரு தடையே அல்ல என்று கென்னடி வாயால் சொல்லிப் பயனில்லை. எங்காவது வென்று காட்ட வேண்டும்.

முதல் சோதனை விஸ்கான்சின். ஏப்ரல் 5ஆம் தேதி அங்கு கென்னடி ஏறத்தாழ 56 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார். பத்து மாவட்டங்களில் ஆறு அவருக்கு, நான்கு ஹம்ப்ரிக்கு. பார்த்த மாத்திரத்தில் நல்ல வெற்றிதான். ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: கத்தோலிக்கர்கள் மிகுந்த பகுதிகள் கென்னடிக்கு, புராட்டஸ்டன்ட் பகுதிகள் பெரும்பாலும் ஹம்ப்ரிக்கு. விஸ்கான்சினில் எந்தக் கட்சிக்காரரும் எந்தக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலிலும் வாக்களிக்கலாம் என்பதால், குடியரசுக் கட்சியின் கத்தோலிக்கர்களும் வந்து கைகொடுத்தார்கள் என்ற பேச்சும் எழுந்தது. வென்றவர் எதையும் நிரூபிக்கவில்லை. தோற்றவருக்கோ விலக மனமில்லை. இரண்டுமே அடுத்த கட்டத்துக்கு வழிவகுத்தன.

அடுத்த கட்டம் மேற்கு வர்ஜினியா. நிலக்கரிச் சுரங்கங்களின் மாநிலம். சுரங்கங்களுக்குள் இயந்திரங்கள் நுழைந்து ஆட்களை வெளியே தள்ளியிருந்த காலம் அது. வேலையிழந்த குடும்பங்கள் அரசாங்கம் கொடுத்த உபரி உணவில் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தன. தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது மலாயாவின் தொழிலாளர் குடும்பங்கள் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அந்த மலைக்கிராமங்களின் நிலையைப் புரிந்துகொள்வது கடினமல்ல. மக்களில் கத்தோலிக்கர்கள் ஐந்து விழுக்காடு அளவே. கென்னடியின் கணிப்பாளர் லூ ஹாரிஸ் 1959 டிசம்பரில் எடுத்த கணிப்பில் கென்னடிக்கு 70, ஹம்ப்ரிக்கு 30. விஸ்கான்சினுக்குப் பிறகு எடுத்தபோது 60க்கு 40 என ஹம்ப்ரி முந்தியிருந்தார். இடையில் என்ன மாறியது? கென்னடி கத்தோலிக்கர் என்பது மக்களுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

இங்கேதான் கென்னடி தம் பலவீனத்தை ஒளித்து வைக்காமல் கையில் எடுத்தார். மதத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஆலோசகர்களில் சிலர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. கடற்படையில் சேர்ந்தபோது தம் மதத்தை யாரும் கேட்கவில்லை என்றார். போரில் விமானத்தோடு மாண்ட தம் அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை என்றார். வாக்களிப்புக்கு இரண்டு நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் தோன்றி, அதிபர் பதவிப் பிரமாணத்தை மீறி நடப்பவர் அரசமைப்புக்கு மட்டுமன்றிக் கடவுளுக்கும் துரோகம் செய்தவராவார் என்று விளக்கினார். அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். கென்னடிக்கு வாக்களிப்பதா என்ற கேள்வி, சகிப்புத்தன்மை உள்ளவரா நீங்கள் என்ற கேள்வியாக உருமாறியது. பாவம் ஹம்ப்ரி, அவர் கென்னடியின் மதத்தைக் குறை சொன்னவரே அல்லர். ஆனாலும் அவருக்குப் போடும் வாக்கு மதவெறி வாக்கு என்ற தோற்றம் ஏற்பட்டுவிட்டது.

உண்மையில் அந்த மாநிலத்துக்குப் பொருத்தமானவர் ஹம்ப்ரிதான். மருந்துக்கடைக்காரரின் மகன், தாமும் மருந்தாளராக வேலை பார்த்தவர், வறுமையைப் பார்த்து வளர்ந்தவர். 1948 மாநாட்டில் கறுப்பின மக்களின் உரிமைக்காக அவர் பேசிய பேச்சு கட்சியின் போக்கையே திருப்பியது. அவருடைய குறை வேறு இடத்தில் இருந்தது: பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, கையில் காசும் கிடையாது. கென்னடி குடும்பம் சொந்த விமானத்தில் பறந்தபோது, ஹம்ப்ரி வாடகைப் பேருந்தில் மலைப்பாதைகளில் குலுங்கிக்கொண்டிருந்தார். மேற்கு வர்ஜினியாவில் அவர் செலவழித்த மொத்தத் தொகை சுமார் 25,000 அமெரிக்க வெள்ளி. கென்னடி தரப்பு தொலைக்காட்சிக்கு மட்டும் அதைவிட அதிகம் செலவழித்தது. உள்ளூர்க் கட்சிப் பிரமுகர்களுக்குப் பணம் பாய்ந்தது என்ற குற்றச்சாட்டும் அந்தத் தேர்தலைவிட்டு இன்றுவரை நீங்கவில்லை.

இன்னொரு காரியமும் நடந்தது. அதை மூடி மறைக்கத் தேவையில்லை. மறைந்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் பெயருக்கு அந்தச் சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் தெய்வத்துக்கு அடுத்த மதிப்பு. அவருடைய மகன் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜூனியரைக் கென்னடி தரப்பு மாநிலம் முழுதும் அழைத்துச் சென்றது. அவர் மேடையில், கென்னடி போர்வீரர், ஹம்ப்ரியோ போருக்கே போகாதவர் என்று குத்திக் காட்டினார். ஹம்ப்ரி உடல்நலக் காரணங்களால் படையில் சேர்க்கப்படாதவர். பின்னாளில் ரூஸ்வெல்ட் ஜூனியர் அதற்காக வருந்தினார். வருந்தி என்ன செய்வது, வாக்குகள் விழுந்து முடிந்திருந்தன.

மே 10ஆம் தேதி முடிவு வந்தது. கென்னடி 60.8 விழுக்காடு, ஹம்ப்ரி 39.2. ஹம்ப்ரி அன்றிரவே விலகினார். விஸ்கான்சினுக்குப் பிறகு அவர் விலகியிருந்தால் மேற்கு வர்ஜினியாவில் கென்னடிக்கு எதிராளியே இருந்திருக்க மாட்டார்; அந்த வெற்றியை எந்தத் தலைவரும் ஒரு பொருட்டாக மதித்திருக்க மாட்டார். கென்னடிக்குத் தேவைப்பட்ட சான்றிதழில் கையெழுத்திட்டவர் ஹம்ப்ரியே எனலாம்.

இதன் பிறகு சைமிங்டனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ட்ரூமனின் ஆதரவு இருந்தது, எதிரிகள் இல்லை, தீவிர ஆதரவாளர்களும் இல்லை. ஸ்டீவன்சனுக்காக லாஸ் ஏஞ்சலஸ் மாநாட்டு அரங்கின் மாடங்கள் அதிர்ந்தன. ஆனால் மாடத்தில் இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை.

மாநாட்டுக்கு முன்னதாக ஜூலை 2ஆம் தேதி ட்ரூமன் கென்னடியின் இளமையைக் குறிப்பிட்டு, பொறுமை காக்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்துக் கென்னடி பதிலளித்தார். 44 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பொறுப்புக்கு ஆகாதவர்கள் என்றால், ஜெபர்சன் 33 வயதில் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியிருக்க முடியாதே என்றார். அதிபர் மாளிகைக்கு இளமையும் உடல் வலிமையும் வேண்டும் என்ற பொருளிலும் பேசினார். 1955இல் மாரடைப்பு கண்டிருந்த ஜான்சனின் தரப்புக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றே ஜான்சனின் ஆதரவாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டி, கென்னடிக்கு அடிசன் நோய் இருக்கிறது என்று அறிவித்தார்கள். கென்னடி தரப்பு, வழக்கமாக வரையறுக்கப்படும் அடிசன் நோய் அவருக்கு இல்லை என்று சொற்களை அளந்து மறுத்தது. குற்றம் சாட்டியவர்களைப் பொறாமைக்காரர்களாகவே உலகம் பார்த்தது.

ஆனால் அவர்கள் சொன்னது உண்மை! 1947இல் லண்டனில் கென்னடிக்கு அந்த நோய் கண்டறியப்பட்டது. 1954இல் முதுகில் நடந்த அறுவைச் சிகிச்சையில் அவர் உயிர் போகும் நிலைக்குச் சென்று மீண்டார். 1955இல் ஒரு மருத்துவ இதழ், பெயர் குறிப்பிடாமல், அடிசன் நோயுள்ள 37 வயது நோயாளி ஒருவருக்கு நடந்த அந்த அறுவைச் சிகிச்சையை விவரித்திருந்தது. யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை. 2002இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் டாலெக் மருத்துவ ஆவணங்களைப் பார்த்து எழுதியபோதுதான், அவர் எத்தனை நோய்களோடும் எத்தனை மருந்துகளோடும் வாழ்ந்தார் என்பது உலகத்துக்கு முழுமையாகத் தெரிந்தது. விஸ்கான்சினும் மேற்கு வர்ஜினியாவும் அவருடைய மதத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தன. அதிபர் பணியை நேரடியாகப் பாதிக்கக்கூடிய விஷயத்தை ஒருவரும் தொடவில்லை.

ஜூலை 13ஆம் தேதி முதல் சுற்றிலேயே கென்னடி 806 வாக்குகளுடன் வென்றார், ஜான்சனுக்கு 409. மறுநாள் ஜான்சனையே துணை அதிபர் வேட்பாளராக்கினார். ஆதரவாளர்கள் பலர் கொதித்தார்கள். ஆனால் நவம்பரில் ஏறத்தாழ 6.8 கோடி வாக்குகளில் சுமார் ஒரு லட்சத்துச் சொச்ச வித்தியாசத்தில்தான் கென்னடி நிக்சனை முந்தினார். டெக்சஸ் கைகொடுத்தது; அது ஜான்சன் கொண்டுவந்த டெக்சஸ்.

பதவியேற்ற மறுநாளே, 1961 ஜனவரி 21இல், ஏழைக் குடும்பங்களுக்கான உணவு உதவியை விரிவாக்கும் ஆணையைக் கென்னடி பிறப்பித்தார். அதுவே அவருடைய முதல் ஆணை. அந்த ஆண்டு மே மாதம் உணவுக் கூப்பன் திட்டம் சோதனை முறையில் தொடங்கப்பட்ட இடம் மேற்கு வர்ஜினியாவின் மெக்டவல் மாவட்டம். முதல்நிலைத் தேர்தல் வேட்பாளரைச் சோதிக்கிறது என்பார்கள். பாஸ்டன் செல்வந்தரின் மகனுக்கு அது பாடமும் நடத்தியிருக்கிறது. அவர் தொடங்கிய அமைதிப் படையின் தொண்டர்கள் 1962இல் மலாயாவுக்கு வந்து பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மக்கள் முன் சோதிக்கப்படாமலேயே 1963 நவம்பரில் அதிபரான ஜான்சன், 1964இல் குடிமை உரிமைச் சட்டத்தையும் 1965இல் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றினார். கென்னடியால் நகர்த்த முடியாத கல்லை, செனட் அறிந்த கை நகர்த்தியது. அதே கைதான் வியட்நாமுக்குப் படையை மேலும் மேலும் அனுப்பியது. 1966 அக்டோபரில் அவர் கோலாலம்பூருக்கு வந்தார். நெகிரி செம்பிலானில் அவர் பார்த்த ஃபெல்டா நிலக்குடியேற்றம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஹம்ப்ரியின் கதை இன்னும் முடியவில்லை. 1968இல் துணை அதிபராக இருந்த அவர், ஒரு முதல்நிலைத் தேர்தலிலும் போட்டியிடாமல், தலைவர்களின் துணையோடு கட்சி வேட்பாளரானார். சிக்காகோ தெருக்களில் காவலர்களும் இளைஞர்களும் மோதிக்கொண்ட மாநாடு அது. நிக்சனிடம் தோற்ற பிறகு, இனி வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று கட்சி விதிகளை மாற்றி எழுதியது. அதற்கான குழுவுக்கு முதலில் தலைமை தாங்கியவர் தெற்கு டகோட்டா செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன். 1972இல் புதிய விதிகளின்படி நடந்த போட்டியில் ஹம்ப்ரி மீண்டும் இறங்கி, கலிபோர்னியாவில் அதே மெக்கவர்னிடம் தோற்றார். மக்களின் தேர்வாக வந்த மெக்கவர்ன் அந்த நவம்பரில் 50 மாநிலங்களில் மாசசூசெட்ஸ் ஒன்றை மட்டுமே வென்றார். கூடவே தலைநகர் வாஷிங்டனையும்.