புளியங்குடி வட்டாரக் கனிமங்கள்

புளியங்குடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் நடுவே கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில் அமைந்த நகரம். 2019-இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. ஊரின் புகழ் எலுமிச்சையால் வந்தது. அந்த எலுமிச்சைக்கு 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கனிமம் என்றதும் பொன், செம்பு, இரும்பு என்று எண்ணுபவருக்கு இங்கே சொல்லும்படியாக ஒன்றுமில்லை. இவ்வட்டாரத்தில் விலைபோவது கருங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். பயிரைத் தீர்மானிப்பது அவை மக்கி விளைந்த மண்.

பாறை

தென்னிந்தியாவின் மிக ஆழமான மேலோட்டுப் பாறைகள் வெளித்தெரியும் நிலப்பகுதிகளுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இப்பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறின. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் மடகாஸ்கரிலும் இவற்றின் உறவுப் பாறைகள் உள்ளன. வடக்கே ராஜபாளையம் பகுதியில், படிகக்கல்லை ஒட்டியே சஃபிரின் என்னும் நீலநிறக் கனிமம் கிடைத்திருக்கிறது. 900 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் இருந்தால்தான் இவ்விரண்டும் சேர்ந்து விளையும் என்பதால், உலகப் பாறையியல் நூல்களில் ராஜபாளையம் இடம்பெறுகிறது. தெற்கே செங்கோட்டைப் பக்கம் செல்லும் அச்சன்கோவில் பிளவு மண்டலம், இவ்வட்டாரம் அடங்கிய மதுரைப் பாறைத் தொகுதியைத் திருவனந்தபுரம் பக்கத்துப் பாறைகளிலிருந்து பிரிக்கிறது. அம்மண்டலத்தில் கார்டியரைட், சில்லிமனைட், கிராஃபைட் துணுக்குகள் ஆகியவை பாறைக்குள் கலந்து கிடக்கும். கிராஃபைட் தோண்டியெடுக்கும் அளவுக்குச் சேர்ந்திருப்பது சிவகங்கையில்தான்.

அடிவாரத்தில் மிகுதியாகக் கிடைப்பவை சார்னோகைட், நைஸ் என்னும் இரண்டு. ஊரார்க்கு இரண்டுமே கருங்கல்தான். புதிதாக உடைத்த ஜல்லி ஒன்றை ஈரப்படுத்தி வெயிலில் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். எண்ணெய் தடவியதுபோல் பச்சை கலந்த கருமையாக மின்னினால் அது சார்னோகைட். அந்த நிறம் பெரும்பாலும் அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் தருவது. நடுவே பழுப்பாகத் தெரியும் துணுக்கு ஹைப்பர்ஸ்தீன். வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடினால் நைஸ். வெள்ளை வரி படிகக்கல்லும் ஃபெல்ட்ஸ்பாரும், கறுப்பு வரி பயோட்டைட் என்னும் கருமைக்கா. வரிகளுக்கிடையே மாதுளை முத்தின் நிறத்தில் உருண்டையாகப் புடைத்திருப்பது கார்னெட், அதிலும் இரும்புச் சத்து மிகுந்த அல்மண்டைன் வகை. நகைக்கடையில் கோமேதகம் என்று விற்பது கார்னெட் குடும்பத்தின் வேறொரு வகை. இந்தச் சிவப்புக் குருணையை மோதிரத்தில் வைக்க முடியாது, உள்ளெல்லாம் விரிசல்.

பாறை மக்கும்போது கடினமான கார்னெட் அழியாமல் ஓடை மணலில் தங்குகிறது. மழைக்குப் பின் ஓடைக்கரையில் செம்பட்டையான கோடுகளாகப் படிந்திருப்பது அதுதான். வைப்பாறு, தாமிரபரணி போன்ற ஆறுகள் இப்படி யுகயுகமாகக் கொண்டுபோன கார்னெட், இல்மனைட், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றைக் கடல் அலை மறுபடி சலித்துச் சேர்த்தவையே தென்கடற்கரையின் தாது மணல் படிவுகள். அவற்றை அள்ளத் தமிழக அரசு 2013-இல் தடை விதித்தது. படிவு கிடப்பது கடலோரத்தில். அதன் ஒரு பங்காவது புறப்பட்டது இந்த மலைச்சரிவிலிருந்து.

வெங்கச்சங்கல் என்னும் வெள்ளைப் படிகக்கல் வயல்வெளியெங்கும் கிடக்கிறது. காக்காய்ப்பொன் என்று சிறுவர்கள் பொறுக்கும் மைக்காச் செதில்களும் உண்டு. இரண்டுக்கும் இங்கே வணிக மதிப்பு இல்லை.

சுண்ணாம்புக்கல்

தொழிலுக்கு உதவும் கனிமம் என்றால் கிழக்கே போக வேண்டும். சங்கரன்கோவில் பக்கம் பந்தப்புளியில் நைஸ் பாறைகளுக்கிடையே படிகச் சுண்ணாம்புக்கல் பட்டைகள் உள்ளன. பழங்காலக் கடலடிச் சுண்ணாம்பு, அதே வெப்பத்தில் வெந்து பளிங்குபோல் மாறியது இது. தூய்மையான இடத்தில் வெள்ளைக் கால்சைட் மணிகளாக இருக்கும். களிமண்ணோ மணலோ கலந்திருந்த இடத்தில் டயாப்சைடு, ஸ்கப்போலைட், வொல்லாஸ்டோனைட் ஆகியவை விளைந்திருக்கும். வெட்டுகிறவர்க்குப் பிந்தியவை கழிவு. இதே வகைக் கல்லை நம்பித்தான் 1946-இல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம், 1949-இல் தன் முதல் ஆலையைத் திருநெல்வேலிக்கு அருகில் தாழையூத்தில் இயக்கியது. சிமெண்டு வருமுன் இக்கல்லையும் கரிசல் நிலத்துச் சுக்கானையும் காளவாசலில் சுட்டுத்தான் வீட்டுக்கும் கோயிலுக்கும் சாந்து கிடைத்தது.

மண்

சுக்கான் என்பது கரிசலுக்கடியில் உருளை உருளையாகத் திரளும் சுண்ணாம்பு. மழைநீர் பாறையிலிருந்து கரைத்த கால்சியம், கோடையில் நீர் ஆவியானதும் இப்படிக் கட்டிக்கொள்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி வரை பரந்த கரிசலின் முக்கியக் களிக்கனிமம் மான்ட்மொரிலோனைட். நீர் குடித்தால் உப்பி, காய்ந்தால் பிளப்பது அதன் குணம். புளியங்குடி அடிவாரத்தில் நிலைமை வேறு. சரிவில் நீர் தேங்காது. கால்சியம் அடித்துச் செல்லப்பட, கயோலின் களியும் அதற்குச் சிவப்பு பூசும் ஹேமடைட்டும் தங்கின. செம்மண்ணும் சரளும் இப்படி வந்தவை.

எலுமிச்சை ஏன் இந்தப் பக்கம் நின்றது என்பதற்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது. எலுமிச்சை வேர், தேங்கும் நீரைத் தாங்காது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் பூட்டிக்கொள்ளும். இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட பகுதி மஞ்சள் பூக்கும். சுக்கான் ஓடும் நிலத்தில் தோட்டம் வைத்தவர்க்கு இது தெரிந்த நோய். மறுபாதி விடை மலையிலிருந்து வரும் தண்ணீர்.

மண்ணை மருந்தாகக் கொள்ளும் வழக்கமும் வட்டாரத்தில் உண்டு. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண் பிரசாதமாகத் தரப்படுகிறது. அடியார்கள் அதை நெற்றியிலும் நோயுற்ற இடத்திலும் பூசிக்கொள்கிறார்கள். பொதுவாகக் கறையான் ஆழத்திலிருந்து மென்களியை மட்டும் பொறுக்கி மேலேற்றுவதால், புற்றுமண் சுற்றுநிலத்து மண்ணைவிட நுண்மையாக இருக்கும்.

குவாரி

கட்டடக் கல், ஜல்லி, சரள், மணல் ஆகியவை சட்டப்படி சிறு கனிமங்கள். இவற்றுக்கான குத்தகையைத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959 ஒழுங்குபடுத்துகின்றன. ஆற்று மணல் அருகியபின் கருங்கல்லை அரைத்த எம்-சாண்ட் அதன் இடத்தைப் பிடித்தது. தென்காசி மாவட்டக் கல்லும் எம்-சாண்டும் புளியரைச் சோதனைச்சாவடி வழியாகக் கேரளத்துக்கு லாரி லாரியாகப் போவது பல ஆண்டுகளாக மாவட்டத்தின் பெரிய சர்ச்சை. அளவுக்கு மேல் பாரம், சாலைச் சேதம், வெடியால் விரிசல் விடும் வீடுகள், வற்றும் கிணறுகள் எனப் புகார்கள் நீளும். கிணற்றுப் புகாரை எளிதில் தள்ளிவிட முடியாது: இந்தப் பாறைக்குள் நீர் நிற்பது மேல்மக்கிய அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே. பக்கத்தில் கிணற்றைவிட ஆழமான குழி தோண்டினால் வெடிப்பு வழியே நீர் அங்கே இறங்கிவிடும்.

மேற்கேயுள்ள மலைக்காடுகளில் பெரும்பகுதி 2015-இல் நெல்லை வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் கல் உடைக்க இடமில்லை. குவாரிகள் எல்லாம் காப்புக் காட்டுக்கு வெளியே, பட்டா நிலத்திலும் புறம்போக்குக் குன்றுகளிலும் இயங்குபவை.